அக்காவுக்காகக் கடலோரம் நடந்தது

நம் வயதுக்காரர்களுக்கு மட்டும் இதைச் சொல்கிறேன். மாத்திரை டப்பாவும் முழங்கால் உறையும் இல்லாமல் வாசற்படி தாண்ட முடியாத நமக்குள்ளேயே இருக்கட்டும். பிள்ளைகளிடம் சொன்னால் பாதியிலேயே கைபேசியில் தேடிப் பார்த்து, அப்படிச் செய்திருக்கக் கூடாது என்று நமக்கே பாடம் எடுப்பார்கள். செய்திருக்கக் கூடாது என்பது எனக்கும் தெரியும்.

என் மகனுக்கு இங்கே ஹைதராபாத்திலேயே மாதாப்பூரில் வேலை. போன மாதம் ஆபீஸ் நண்பர்களோடு கடலோரமாகவே நடந்துவிட்டு வந்தான். பேக்பேக்கிங்காம். முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு, காசு கொடுத்துக் கஷ்டப்படுவதற்கு ஒரு பெயர். ஹப்சிகுடாவில் என் வீட்டுக்கு வந்து படங்களைக் காட்டினான். நண்டு, சங்கு, நட்சத்திர மீன், கடைசியில் மணலில் ஒதுங்கிக் கிடந்த ஒரு டால்பின்.

"உயிரோட இருந்துச்சும்மா. ஈரத்துணி போட்டு, ஆள் சேத்துத் தள்ளிவிட்டோம். இதுக்கு மூக்கு தலை மேல. அதுல மட்டும் தண்ணி போகக் கூடாது, தெரியுமா?"

அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று எழுந்து உள்ளே போய்விட்டேன். அடுப்பில் பால் எதுவும் இல்லை.

ராமச்சந்திராபுரம் டவுன்ஷிப்பில் வளர்ந்தவர்கள் உங்களில் சிலராவது இருப்பீர்கள். ஒரே அச்சில் வார்த்த மாதிரி குவார்ட்டர்ஸ், காலையில் கம்பெனி பஸ்களின் உறுமல், ஷிப்டு மாறும்போது ஊதுகிற சங்கு. அப்பா சேலத்துக்காரர். பாக்டரியில் பெரிய பெரிய மிஷின்களை ஓடவிட்டுப் பார்க்கிற வேலை. ஓடுகிற மிஷினின் மேல் உள்ளங்கையை வைத்தே எந்தப் பாகம் தகராறு செய்யப் போகிறது என்று சொல்லிவிடுவார் என்று பெயர். வீட்டில் ஒரே ஒரு தகராறுதான். அது அக்காவின் நெஞ்சு.

அக்காவுக்கு இழுப்பு. அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது, எனக்கு எட்டு. இன்றைக்கும் அவளுக்குப் பன்னிரண்டுதான். நான் வளர்ந்து, கிழவியாகி, அவளுக்கே பாட்டி வயதாகிவிட்டேன்.

ஒரே பாயில் படுப்போம். அவள் படுப்பதில்லை, தலையணையை மடியில் வைத்து அதன் மேல் கவிழ்ந்து உட்கார்ந்திருப்பாள். அவள் நெஞ்சிலிருந்து மெல்லிசாக விசில் வரும். எல்லாருடைய நெஞ்சும் ராத்திரியில் அப்படித்தான் பாடும் என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அதிகமாகும்போது தோள் இரண்டும் காது வரை ஏறும், கழுத்துக்குழி உள்ளே போகும். அம்மா கொதிநீர்ப் பாத்திரத்தோடு ஓடிவருவாள். இன்றைக்குப் பிள்ளைகள் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார்களே அந்த பம்பு, அதை நாங்கள் கண்ணால் பார்த்ததில்லை. மாத்திரை, ஊசி, அம்மாவின் வேண்டுதல், இவ்வளவுதான்.

பார்க்காத வைத்தியம் இல்லை. ஹைதராபாத்தில் இருந்துகொண்டு மீன் மருந்தை விடுவோமா? கடலோரம் நடந்ததற்கு முந்தின வருஷம் ஜூனில், மிருகசீரிஷ கார்த்தி அன்று வெயிலில் வரிசையில் நின்று, வாயில் மஞ்சள் மருந்து வைத்த உயிர் விரால் குஞ்சை அக்கா விழுங்கினாள். வால் தொண்டையில் அடித்தபோது அவள் கண் பிதுங்கியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு வாரம் கழித்து என்னிடம் ரகசியமாகச் சொன்னாள்: "உள்ளே இன்னும் நீஞ்சுதுடி. மேல வர வழி தேடுது."

அடுத்து வந்த மாசி மாதத்தில் இரண்டு தடவை அக்காவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இரண்டாவது தடவை டாக்டர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். திரும்பி வந்த அப்பாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அதற்குப் பிறகு யார் எதைச் சொன்னாலும் கேட்கிற மனிதராகிவிட்டார். பாக்டரியில் கூட வேலை பார்த்த, கடற்கரை ஊர்க்காரரான ஒரு தெலுங்கு மாமா, கடல் காற்றை நெஞ்சில் வாங்கிக்கொண்டே தினம் கொஞ்சம் நடந்தால் இழுப்பு ஓடிவிடும் என்றார். அம்மா மட்டும் முனகினாள்.

"ஏனுங்க, கேழ்வரகுல நெய் வடியுதுன்னா கேக்கறவங்களுக்குப் புத்தி வேண்டாமுங்களா?"

"வடிஞ்சாலும் வடியும். போய்ப் பாத்துடலாம்" என்றார் அப்பா.

லிங்கம்பள்ளி தையல்காரரிடம் காக்கிக் கித்தானில் நாலு முதுகுப் பை தைத்து வாங்கினார். பட்டைகள் தடித்த மிஷின் பெல்ட் துண்டுகள். தோளில் ரப்பரும் எண்ணெயுமாக நாறும். அக்காவின் பையில் அவளுடைய தலையணையும் மாத்திரை டப்பாவும் மட்டும். அந்தப் பைகளை அப்புறம் எத்தனையோ தடவை தேடிவிட்டேன். ஒன்றுகூட இல்லை. அம்மா அடுப்பில் போட்டிருப்பாள்.

கோடை லீவு விட்டதும் பாபட்லாவில் ரயில் இறங்கிக் கடற்கரையைப் பிடித்தோம். வெயிலுக்கு முன்னால் காலையில் கொஞ்சம், வெயில் தாழ்ந்து கொஞ்சம் நடை. நடுவில் சவுக்குத் தோப்பு, நுங்கு, பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடத் தாழ்வாரம். கடலைப் பார்த்தே இராத நாலு பேர் ஆழம் தெரியாமல் காலை விட்ட கதைதான். அப்பாவோ எல்லாவற்றுக்கும் விளக்கம் வைத்திருந்தார். ஈர மணலில் குங்குமம் சிந்தினாற்போல் சிவப்பு நண்டுகள் ஓடி வளைக்குள் மறைந்தன. அவை கடலுக்கு ஜோசியம் சொல்லும் என்றார். சவ்வரிசிக் கஞ்சி உறைந்ததுபோல் கரையில் கிடந்தவற்றை அலையின் நுரை கெட்டிப்பட்டது என்றார். அதை மிதித்துவிட்டு நான் காலைச் சொறிந்து அழுதேன். ஒரு பெரிய ஆமை ஓடு காலியாகக் கிடந்தது. ஆமை சட்டை கழற்றிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது என்றார். அக்கா என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். அவள் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஊறியிருந்தது. காற்று உண்மையாகவே வேலை செய்கிறதோ என்று அம்மாவே நம்பத் தொடங்கியிருந்தாள்.

அப்படி ஒரு காலையில் நாங்கள் ஒரு மீனவர் குப்பத்தைத் தாண்டி வெகுதூரம் வந்திருந்தோம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. முதலில் பார்த்தது அக்காதான். கவிழ்ந்த படகு என்று நினைத்தோம். கிட்டே போனால் ஈயப் பாத்திர நிறத்தில், அப்பாவின் நீளத்துக்கு மேல், ஒரு மீன். அலை பின்வாங்கிய மேட்டு மணலில் வயிறு பதியக் கிடந்தது. கண் திறந்திருந்தது. அந்தக் கண் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தது. உடம்பு ஒருமுறை குலுங்கி, தலை மேலிருந்து 'புஸ்' என்று காற்று வெளியே வந்தது. வந்து, அடுத்ததற்கு வெகுநேரம் ஆயிற்று.

"பாவம், தண்ணியில்லாம தவிக்குது" என்றார் அப்பா. பையைக் கழற்றி வீசினார். நாலு பேரும் வயிற்றிலும் வாலிலும் கையைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தோம். அசையவில்லை. அதன் தோல் உரித்த அவித்த முட்டை மாதிரி வழவழவென்று இருந்தது. தொட்ட இடம் சுட்டது. அப்பா உடனே பாக்டரி மனிதராகிவிட்டார். அம்மா கடலில் நின்று கூஜாவில் மொள்ள வேண்டும், நான் வாங்கிக் கொண்டுவர வேண்டும், அவர் ஊற்றுவார். அம்மாவின் மாற்றுப் புடவையை நனைத்து முதுகில் போர்த்தினார். அது நல்ல காரியம். அது மட்டும்தான் நல்ல காரியம்.

ஏனென்றால் அவர் தலையில் ஊற்றினார். மீன் தண்ணீரைத்தான் குடிக்கும், தண்ணீரைத்தான் மூச்சாக விடும், நமக்குத் தெரிந்த சட்டியும் கிணறும் சொல்லிக் கொடுத்தது அதுதானே? தலை மேல் துடித்துத் துடித்துத் திறந்து மூடிய அந்தப் பிறைத் துவாரத்தைப் பார்த்து, அதுதான் தண்ணீர் கேட்கிற வாய் என்று நினைத்து, கூஜா கூஜாவாக அதிலேயே விட்டார். ஒவ்வொரு தடவையும் அது உடம்பை முறுக்கி இருமியது. எங்கள் முகத்தில் உப்பு நீர் தெறித்தது.

"பாத்தியா, உசுரு வருது!" என்று கத்தினார் அப்பா.

அக்கா அதன் தலைப் பக்கம் மண்டியிட்டு, காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். சட்டென்று இரண்டு கையாலும் துவாரத்துக்கு மேலே கூரை போட்டாள். பதற்றத்தில் அவளுக்குத் தெருவில் பழகிய ஹைதராபாத் உருதுதான் முதலில் வந்தது.

"நக்கோப்பா! இங்க ஊத்தாதீங்க! இது மூக்கு. அதுக்குப் புரை ஏறுது."

"மீனுக்கு எதுக்கு கண்ணு மூக்கு?"

"ஹவ், மூக்குதான். இழுக்குதுப்பா. என்னை மாதிரியே இழுக்குது. எனக்குக் கேக்குது."

இழுப்பைப் பற்றி அந்தக் கடற்கரையில் அவளுக்கு மேல் தெரிந்தவர் யார்? அவள் வாயிலிருந்து வந்த அந்தச் சொல்லை அப்பா கேட்டார். ஆனால் தப்பாகக் கேட்டார். அவர் முகம் மாறியது. கூஜாவைக் கீழே வைத்துவிட்டு அக்காவின் தோளைப் பிடித்தார்.

"அப்படியா? உன்னை மாதிரியே இழுக்குதா? அப்பச் சரி. சாமிதான் இதைக் கொண்டாந்து நம்ம கண்ணுல காட்டியிருக்கு. இது பொழைச்சுதுன்னா நீயும் பொழைச்சுக்குவே கண்ணு. இது கடலுக்குள்ள போற அன்னைக்கு உன்ற இழுப்பும் கடலோட போச்சு. அப்பா சொல்றேன்."

அம்மா தண்ணீருக்குள் நின்றபடியே, "ஏனுங்க, என்ன பேச்சுப் பேசறீங்க! வேண்டாமுங்க!" என்று அலறினாள். சொன்ன சொல் சொன்னதுதான். அக்கா அப்பாவையும் பார்த்தாள், அதையும் பார்த்தாள். மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டாள்.

எனக்கு இப்போதும் அந்த மனிதர் மேல் ஆத்திரம் வருகிறது. பன்னிரண்டு வயதுக் குழந்தையின் உயிரைக் கொண்டுபோய் சாகக் கிடக்கிற ஒரு பிராணியோடு முடிச்சுப் போட்டாரே, அவருக்கு எப்படி மனசு வந்தது? மனசு வரவில்லை, மனசு விட்டுப் போயிருந்தது. அதுதான் காரணம். இந்த வயதில்தான் அது எனக்குப் புரிகிறது. புரிந்தாலும் ஆத்திரம் குறையவில்லை.

அப்பா குப்பத்துக்கு ஆள் கூட்டிவர ஓடினார். வந்த வழியே அவர் சின்னதாகிக்கொண்டே போனார். நாங்கள் மூவரும் இருந்தோம். அக்கா சொன்னபடி, இப்போது தலையை விட்டுவிட்டு முதுகுக்கும் துடுப்புக்கும் மட்டும் ஊற்றினோம். அவள் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, "மெதுவா. மெதுவா விடு. அவசரப்படாத" என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள். அம்மா அவளுக்குச் சொல்கிற அதே வார்த்தைகள். அது மூச்சு விடும்போது இவளும் விட்டாள். அது நிறுத்தும்போது இவளும் நிறுத்தினாள். அம்மா அவளைப் பிடித்து இழுத்தாள். அவள் வரவில்லை.

அப்புறம் ஒரு 'புஸ்' வந்தது. அதற்குப் பின்னால் நாங்கள் காத்திருந்தோம், காத்திருந்தோம். கடல்தான் சத்தம் போட்டது. அக்காவுக்கு முகம் நீலம் பாரித்துவிட்டது. அம்மா அவள் முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டாள். அக்கா மூச்சை இழுத்தாள். அது இழுக்கவில்லை. திறந்திருந்த கண்ணில் மணல் விழுந்தது, மூடவில்லை.

கொஞ்ச நேரத்தில் கடல் ஏறியது. எங்கள் நாலு பேர் பலத்துக்கு அசையாததை ஒரு அலை வந்து லேசாகத் தூக்கியது. அடுத்தது திருப்பிப் போட்டது, வெள்ளை வயிறு தெரிந்தது. அம்மாவின் புடவை அதன் மேலேயே இருந்தது. அலை அதைப் புரட்டிப் புரட்டி, நாங்கள் காலையில் வந்த திசையிலேயே கொண்டுபோயிற்று. கண்ணுக்கு மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தூரத்தில் அப்பா தெரிந்தார். கூட இரண்டு மீனவர்கள், தோளில் கயிறு. அக்கா அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"அம்மா, அப்பாகிட்ட சொல்லாதீங்க. ப்ளீஸ். அப்பா தாங்க மாட்டாரு."

அம்மா பதில் சொல்வதற்குள் ஓடத் தொடங்கிவிட்டாள். மாடிப்படி ஏறவே முடியாதவள், அந்த மணலில் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

"போயிடுச்சுப்பா! நீஞ்சிப் போயிடுச்சு! தண்ணி வந்துச்சு, வாலை அடிச்சு அடிச்சுப் போயிடுச்சு!"

மீனவர்களில் ஒருவர் தாம் வந்த பக்கம் கையைக் காட்டி, "சார், அக்கட..." என்று ஏதோ ஆரம்பித்தார். "சாலு அண்ணா, சாலு" என்று அப்பா அவரை நிறுத்தினார். பிறகு அக்காவைத் தூக்கிச் சுற்றினார். வானத்தைப் பார்த்துச் சிரித்தார். "சொன்னேனில்ல! சொன்னேனில்ல கண்ணு!" அப்பா அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவர் தோளில் சாய்ந்திருந்த அக்கா வாயை இறுக்க மூடிக்கொண்டிருந்தாள். ஓடி வந்ததில் அவளுக்கு இழுப்பு ஏறியிருந்தது. அது அப்பாவின் காதில் விழாமல் இருக்க மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அது தெரிந்தது. அதை ஏதோ விளையாட்டு என்று நினைத்தேன்.

அத்தோடு நடை முடிந்தது. ஊர் திரும்பியதும் அப்பா ஒரு சட்டம் போட்டார். இனிமேல் வீட்டில் யாரும் அவளை 'இழுக்குதா, இழுக்குதா' என்று கேட்கக் கூடாது; கேட்டுக் கேட்டுத்தான் நோய் வளர்கிறது; மனத் தைரியம்தான் மருந்து. மாத்திரை டப்பா பரணில் ஏறியது. அந்த ஜூனில் மீன் மருந்து வரிசைக்கும் நாங்கள் போகவில்லை. "எங்க பாப்பாவுக்குச் சரியாயிடுச்சு" என்று அப்பா அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு நடந்தார். அக்கா பக்கத்தில் நின்று புன்னகை செய்வாள்.

மழைக்காலம் வந்தது. இழுப்பு வந்தால் அக்கா குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வாள். தண்ணீர்ச் சத்தத்தில் எதுவும் கேட்காது. வெளியே வரும்போது தலையை நனைத்துக்கொண்டு, குளித்ததாகச் சொல்வாள். அம்மாவுக்குத் தெரியாமல் இருக்குமா? பரணிலிருந்து மாத்திரையை எடுத்து வெல்லத்துக்குள் வைத்து ஊட்டினாள். இரண்டு நாள் தின்றாள். மூன்றாம் நாள் துப்பிவிட்டாள். "அப்பா பாத்துட்டா?" என்றாள். அம்மாவோ புருஷன் சிரித்த முகமாய் இருப்பதை வெகுகாலத்துக்குப் பிறகு பார்க்கிறாள். சொன்னால் அந்தச் சிரிப்பு போய்விடும். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனாள். அம்மா மேலும் எனக்கு ஆத்திரம் உண்டு. அவளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்றும் உண்டு. இரண்டும் சேர்ந்தே வருகிறது.

விடாமல் தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில், பள்ளிக்கூடத்தில் பிரேயர் நடக்கும்போது அக்கா மடங்கி விழுந்தாள். டீச்சர் அவளைத் தூக்கிக்கொண்டு டவுன்ஷிப் ஆஸ்பத்திரிக்கு ஓடினார், பின்னாலேயே நான். அவளுக்கு மூக்கில் குழாய் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். டாக்டர் வெளியே வந்து, வெகு நாளாக வந்திருக்கிறதே, ஏன் முன்னாலேயே கொண்டுவரவில்லை என்று கேட்டார். அம்மா சுவரில் தலையை முட்டிக்கொண்டாள். அப்பா வேலையிலிருந்து அப்படியே ஓடிவந்தார். கையெல்லாம் கிரீஸ். அக்காவைத் தொடப் பயந்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் கண்ணு? ஏன் அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?"

அக்கா ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். "இழுக்குதுன்னு சொன்னா... அது செத்துப்போச்சுன்னு... உங்களுக்குத் தெரிஞ்சுடுமேப்பா."

அப்பா அந்தக் கம்பியிலேயே நெற்றியை வைத்துக்கொண்டார். நிமிர்ந்தபோது முகமெல்லாம் கறுப்பாக இழுவியிருந்தது.

"எனக்குத் தெரியும் சாமி. அன்னைக்கே பாத்துட்டேன். வர்ற வழியில உங்கம்மா சீலையோட அலையில உருண்டுக்கிட்டுக் கெடந்துச்சு. பாத்துட்டுத்தான் வந்தேன்."

அக்கா அவரையே பார்த்தாள். அவளுக்குக் கோபம் எதுவும் இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன். அதிசயப்பட்டாள், அவ்வளவுதான்.

"அப்புறம் ஏம்ப்பா சிரிச்சீங்க?"

அலை கொண்டுபோனதை நீந்திப் போனதாகவே அவள் நம்பிவிட்டாள், அதைக் கெடுக்கக் கூடாது என்றுதான் சிரித்தாராம். பல வருஷம் கழித்து, ரிட்டயர் ஆன பிறகு, அம்மாவிடம் சொன்னார். நம்பினாலே பாதி சரியாகிவிடும் என்று நினைத்தாராம். என்னிடம் சொன்னார், அம்மாவிடம் சொன்னார், கேட்காதவர்களிடமெல்லாம் சொன்னார். அக்காவிடம் சொல்ல அவருக்கு அன்று சாயங்காலம் வரைக்கும் நேரம் இருந்தது. சொல்லவில்லை.